இசிஜி நார்மல், ஆனாலும் அப்பாவுக்கு நெஞ்சு இறுக்கம்: அடுத்து எந்தச் சோதனை?

ஈவூட்_பையன் | திங்கள், இரவு 9.12

வணக்கம். நாங்கள் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். அப்பாவுக்கு 59 வயது. செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவர். வேலையை விட்ட பிறகும் வீட்டுக்குப் பின்னால் மரவள்ளி, வாழை என்று சும்மா இருக்கமாட்டார். இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) பல வருடமாக உண்டு, பிரஷர் மாத்திரையும் போடுகிறார். சிகரெட்டை விட்டுவிட்டார், ஆனால் விடுவதற்கு முன் நிறைய ஊதியவர்.

கொஞ்ச நாளாகத் தள்ளுவண்டியில் உர மூட்டையை வைத்துத் தள்ளினால் நெஞ்சு நடுவில் இறுக்கிப் பிடிக்கிறது என்கிறார். நின்றால் ஐந்து நிமிடத்தில் போய்விடுகிறதாம். பாட்டி "வாயுடா" என்று கோடாலி தைலத்தைத் தேய்த்துவிட்டார். நான்தான் பிடிவாதமாகக் கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்) அழைத்துப் போனேன். இசிஜி எடுத்தார்கள், நார்மல். ஆனால் அந்த டாக்டரம்மா விடவில்லை. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதி, ஆஸ்பிரினும் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையும் கொடுத்தார். தேதி இன்னும் சில மாதம் தள்ளி.

அப்பாவோ "நார்மல்னு சொல்லியாச்சே, அப்புறம் எதுக்கு ஈப்போ" என்கிறார். இதற்கிடையில் அக்கா ஒரு விளம்பரத்தை அனுப்பியிருக்கிறாள். தனியார் மையம் ஒன்றில் "முழு இதயப் பரிசோதனை": இசிஜி, எக்கோ, கால்சியம் ஸ்கேன், இன்னும் என்னென்னவோ இரத்தச் சோதனை. விலை ஆயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல். காசைப் போட்டு அதைச் செய்துவிடலாமா? இல்லை, நேராக ஆஞ்சியோகிராமா? எது எதைக் காட்டும் என்றே எங்களுக்குப் பிடிபடவில்லை.

குலைவெட்டி | திங்கள், இரவு 9.30

தம்பி, தள்ளுவண்டியை முதலில் பிடுங்கி வையுங்கள். மற்றதை அப்புறம் பேசுவோம்.

பழைய_டிரசர் | திங்கள், இரவு 10.05

தம்பி, தோட்ட ஆஸ்பத்திரியில் டிரசராக ஆரம்பித்து அரசாங்கக் கிளினிக்கில் எம்.ஏ.வாக (மருத்துவ உதவியாளராக) ஓய்வு பெற்றவன் நான். டாக்டர் இல்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

அப்பா சொல்வதில் மூன்று சங்கதி இருக்கிறது. நெஞ்சு நடுவில் இறுக்கம், பாரமான வேலை செய்தால் வருகிறது, நின்றால் அடங்குகிறது. மூன்றும் ஒன்றாக வந்தால் எந்த டாக்டரும் சும்மா விடமாட்டார். அதனால்தான் அந்தம்மா இசிஜி நார்மலாக இருந்தும் கடிதம் எழுதினார். வாயு என்றால் பெரும்பாலும் சாப்பாட்டை ஒட்டி வரும், தள்ளுவண்டியை ஒட்டி வராது.

இசிஜி என்பது படுத்திருக்கிறவர் உடம்பில் 10 இடத்தில் ஒட்டி, 12 கோணத்தில் இதயத்தின் மின்னோட்டத்தைச் சில விநாடிக்கு வரைந்து பார்ப்பது. அந்த நேரத்தில் மாரடைப்பு நடந்துகொண்டிருந்தாலோ, பழைய மாரடைப்பின் தழும்பு இருந்தாலோ, துடிப்பு தாறுமாறாக இருந்தாலோ பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். ஆனால் இரத்தக்குழாய் 70 விழுக்காடு சுருங்கியவருக்கும் படுத்திருக்கும்போது இசிஜி ஒழுங்காக வரலாம். சமதரையில் நிற்கிற குலை லாரியின் இன்ஜின் சத்தத்தைக் கேட்டுவிட்டு, மேடு ஏறுமா என்று சொல்ல முடியுமா? முடியாது. அப்பாவுக்கு மேட்டில்தான் கோளாறு.

ஆகவே "நார்மல்" என்றால் "அன்றைக்குப் படுத்திருந்த அந்த நேரத்தில் ஒன்றும் நடக்கவில்லை" என்று அர்த்தம், அவ்வளவுதான்.

நாக்கு மாத்திரையைப் பற்றி: உட்கார்ந்துகொண்டுதான் வைக்க வேண்டும், பிரஷர் இறங்கித் தலை சுற்றும். அது வந்த கண்ணாடிப் போத்தலிலேயே இருக்கட்டும். அழகான பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றினால் மருந்தின் வீரியம் போய்விடும். வைத்து ஐந்து நிமிடத்தில் வலி குறையவில்லை என்றாலோ, சும்மா இருக்கும்போதே வலி வந்து வியர்த்துக் கொட்டினாலோ, ஈப்போ தேதியைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். 999-க்கு அடித்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அப்பா மோட்டாரை எடுத்துக்கொண்டு தானே போகக் கூடாது.

இன்னொன்று, வெட்கப்படாமல் அப்பாவிடம் கேளுங்கள். ஒட்டுக்கடையில் விற்கிற "ஆண்மை" காப்பி, தொங்காட் அலி (மூலிகை வேர்) பாக்கெட் ஏதாவது குடிக்கிறாரா? அந்த மாதிரிச் சில சரக்கில் வயாகரா வகை மருந்தைக் கலந்திருக்கிறார்கள் என்று சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. அதோடு நாக்கு மாத்திரை சேர்ந்தால் பிரஷர் அதலபாதாளத்துக்குப் போய்விடும்.

ஈவூட்_பையன் | திங்கள், இரவு 10.21

ஐயா, அந்தக் காப்பி பாக்கெட் அலமாரியில் இருக்கிறது. நாளைக்கே குப்பைக்குப் போகும். அம்மாவுக்குத் தெரியவேண்டாம்.

குலைவெட்டி | திங்கள், இரவு 10.24

அம்மாவுக்குத் தெரியாமலா அலமாரியில் இருக்கும்?

ஈப்போ_நர்ஸ் | செவ்வாய், காலை 7.48

நைட் ஷிப்ட் முடிந்து எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இதயப் பிரிவில் வேலை.

மேட்டில் ஏறினால் என்ன ஆகிறது என்று பார்க்கத்தான் டிரெட்மில் சோதனை. நெஞ்சில் ஒயர்களோடு நடக்கவிடுவோம். வழக்கமான முறையில் மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகத்தில், 10 விழுக்காடு சரிவில் ஆரம்பிக்கும். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் கூடும், சரிவும் கூடும். 220-இல் வயதைக் கழித்து, அதில் 85 விழுக்காடு துடிப்பைத் தொடப் பார்ப்போம். உங்கள் அப்பாவுக்கு நிமிடத்துக்கு 137 வாக்கில் வரும். நடுவில் வலி வந்தாலோ, இசிஜி கோடு இறங்கினாலோ, பிரஷர் விழுந்தாலோ நிறுத்திவிடுவோம். டாக்டர் பக்கத்திலேயே இருப்பார்.

நடைமுறை விஷயங்கள்: பாதிப் பேர் சிலிப்பர் போட்டு வருகிறார்கள். காலணி போட்டு வரச் சொல்லுங்கள். நெஞ்சில் முடி இருந்தால் மழிப்போம், அதற்குக் கோபப்படுகிற தாத்தாக்கள் உண்டு. துடிப்பைக் குறைக்கிற மாத்திரை போடுகிறவர்கள் அன்றைக்கு அதை நிறுத்த வேண்டுமா என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது.

ஆனால் டிரெட்மில்லும் தெய்வ வாக்கு இல்லை. அடைப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரை அது தவறவிடும். பெண்களுக்கு இல்லாத அடைப்பை இருப்பதாகக் காட்டுவதும் உண்டு. முட்டி தேய்ந்தவர்களை ஓடவிட முடியாது, அவர்களுக்கு மருந்து ஏற்றி இதயத்தை வேகப்படுத்தி எக்கோ பார்ப்பார்கள், அல்லது நியூக்ளியர் ஸ்கேன். நியூக்ளியர் ஸ்கேனுக்கு முந்தைய நாளே காப்பி, டீ நிறுத்தச் சொல்வார்கள். ஒரு கப் கோப்பியால் திரும்பிப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எக்கோ என்பது வயிற்றுப் பிள்ளையைப் பார்க்கிற அதே ஒலி அலை ஸ்கேன்தான். குளிர்ந்த ஜெல்லைத் தடவி இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைப்பார்கள். வால்வு, தசை, பம்ப் செய்கிற பலம் எல்லாம் தெரியும். இரத்தக்குழாய் அடைப்பு அதில் நேராகத் தெரியாது. ரிப்போர்ட்டில் 60 என்று ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு "என் இதயம் 60 விழுக்காடுதான் வேலை செய்கிறது" என்று அழுத பாட்டி ஒருவர் உண்டு. நல்ல இதயமே ஒரு துடிப்புக்கு உள்ளே இருக்கிற இரத்தத்தில் 55 முதல் 70 விழுக்காடு வரைதான் வெளியே தள்ளும். 60 என்றால் பிரமாதம்.

ஜீவாமிர்தம்_ஏஜெண்ட் | செவ்வாய், காலை 10.02

இத்தனை சோதனை எதற்கு? எங்கள் மூலிகைச் சாறு மூன்று போத்தலில் அடைப்பைக் கரைத்துவிடும். தனி மடலில் தொடர்புகொள்ளவும்.

மட்டுறுத்துநர் | செவ்வாய், காலை 10.15

மேலே உள்ள உறுப்பினர் நீக்கப்பட்டார். பதிவு மட்டும் இருக்கட்டும், இப்படித்தான் வருவார்கள் என்று மற்றவர்கள் தெரிந்துகொள்ள.

கணக்குப்பிள்ளை | செவ்வாய், மதியம் 1.10

அக்கா அனுப்பிய பேக்கேஜைப் பற்றி யாரும் சொல்லவில்லை. என் கருத்து: வேண்டாம். அந்த மையம் ஏமாற்றுகிறது என்பதற்காகச் சொல்லவில்லை. அப்பாவுக்கு இருக்கிற கேள்விக்கு அந்தப் பட்டியலில் பதில் இல்லை. இசிஜி எடுத்தாயிற்று. எக்கோ அடைப்பைச் சொல்லாது. கால்சியம் ஸ்கேன் என்பது குழாய்ச் சுவரில் படிந்து கல்லாகிப்போன சுண்ணாம்பை எண்ணுவது. அறிகுறி ஒன்றும் இல்லாமல், கொலஸ்ட்ரால் மாத்திரை போடலாமா என்று யோசிக்கிறவருக்கு அது உதவும். அப்பா வயதில், இத்தனை வருட இனிப்பு நீரோடு, சுண்ணாம்பு இருக்கத்தான் போகிறது. இருக்கிறது என்று ஆயிரம் வெள்ளி கொடுத்துக் கேட்டு என்ன செய்வது? பூஜ்யம் வந்தாலும் சுண்ணாம்பாகாத மென்மையான கொழுப்பு இருக்கலாம்.

காசு செலவழித்தே ஆகவேண்டும் என்றால் கேட்கவேண்டியது சிடி ஆஞ்சியோகிராம். கை நரம்பில் சாயம் ஏற்றி, ஸ்கேனில் குழாய்களையே பார்ப்பது. ஸ்காட்லாந்தில் நெஞ்சுவலிக்காரர்கள் 4,146 பேரை வைத்து ஸ்காட் ஹார்ட் என்று ஒரு ஆய்வு நடந்தது. வழக்கமான கவனிப்போடு இந்த ஸ்கேனையும் எடுத்தவர்களில் ஐந்து வருடத்தில் இதய நோயால் இறந்தவர்களும் மாரடைப்பு வந்தவர்களும் சேர்த்து 2.3 விழுக்காடு, எடுக்காதவர்களில் 3.9. முடிவு 2018-இல் வந்தது. ஸ்கேனா காப்பாற்றும்? படத்தைப் பார்த்த பிறகு டாக்டர்கள் சரியான மருந்தைத் தொடங்கினார்கள், விஷயம் அதுதான்.

நேராக ஊசி ஆஞ்சியோகிராமுக்கு (கை அல்லது தொடை வழியாக இதயம்வரை மெல்லிய குழாயை விட்டு, சாயம் செலுத்திப் பார்ப்பது) ஓடுவதும் வேண்டாம். இஸ்கீமியா என்ற ஆய்வு, 5,179 பேர், 2020. நிதானமாக இருக்கிற நெஞ்சுவலிக்காரர்களில், முதலிலேயே ஆஞ்சியோ செய்து ஸ்டென்டோ (அடைத்த குழாயை விரித்துவைக்கிற சிறு வலைக்குழாய்) பைபாஸோ (அடைப்பைச் சுற்றி மாற்றுப் பாதை போடுகிற அறுவை) செய்தவர்களுக்கும், மருந்தில் தொடங்கித் தேவைப்பட்டால் மட்டும் செய்தவர்களுக்கும் இறப்பில் வித்தியாசம் தெரியவில்லை. வலி குறைவது ஸ்டென்ட் பக்கம் கூடுதல், அதையும் சொல்லவேண்டும்.

ஈப்போ_நர்ஸ் | செவ்வாய், மாலை 4.33

கணக்குப்பிள்ளை அண்ணன் சொல்வது சரிதான், இரண்டு விஷயம் மட்டும் சேர்க்கிறேன். சிடிக்குத் துடிப்பு நிமிடத்துக்கு 60, 65-க்குள் வரவேண்டும், இல்லையென்றால் படம் கலங்கும். அதற்கு மாத்திரை கொடுப்பார்கள். சுண்ணாம்பு நிறைய இருந்தாலும் படம் தெளியாது, நீண்ட நாள் இனிப்பு நீர்க்காரர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். சாயம் ஏற்றுவதால் முதலில் சிறுநீரக இரத்தச் சோதனை பார்ப்பார்கள். மெட்ஃபார்மின் (இனிப்பு நீர் மாத்திரை) போடுகிறவர்கள் கட்டாயம் சொல்லவேண்டும்.

எல்லாரும் கேட்கிற கேள்வி: "இறால் சாப்பிட்டால் அரிக்கும், சாயம் ஏற்றலாமா?" ஏற்றலாம். இறால் அலர்ஜிக்கும் இந்தச் சாயத்துக்கும் சம்பந்தம் இல்லை. முன்பு இதே சாயத்துக்கு அலர்ஜி வந்திருந்தால்தான் கதை வேறு.

செம்பருத்தி | செவ்வாய், இரவு 8.50

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் அம்மாவுக்கு நெஞ்சுவலியே இல்லை. தாடையில் ஒரு வலி, நாலு துணி காயப்போட்டாலே மூச்சு வாங்கும். ஒரு கிளினிக்கில் கேஸ்ட்ரிக் என்று வெள்ளை மருந்துப் போத்தலைக் கொடுத்து அனுப்பினார்கள். பெயர் வேண்டாம். அன்றிரவே அவசரப் பிரிவுக்குப் போனோம். முதல் இரத்தச் சோதனையில் ஒன்றும் இல்லை. "மறுபடியும் எடுக்கவேண்டும், போகாதீர்கள்" என்று உட்காரவைத்தார்கள். நாங்கள் முணுமுணுத்தோம். இரண்டாவதில் ஏறியிருந்தது. மாரடைப்பு.

அந்தச் சோதனை பெயர் ட்ரோபோனின் என்று பிறகுதான் தெரிந்தது. யாராவது விளக்கினால் நன்றாக இருக்கும்.

பழைய_டிரசர் | செவ்வாய், இரவு 9.40

இதயத் தசை சேதமானால் இரத்தத்தில் கசிகிற புரதம் அது, தங்கச்சி. சேதம் ஆன உடனே ஏறாது, சில மணி நேரம் பிடிக்கும். அதனால் வலி வந்த சூட்டோடு எடுத்த முதல் சோதனையை நம்பி வீட்டுக்குப் போகக் கூடாது. இரண்டாவது எடுக்கும்வரை உட்காரவைத்தது முறையான வேலை.

இனிப்பு நீர் பழையதாகிவிட்டால் நரம்பு மரத்து, மாரடைப்பே வலி இல்லாமல் வரலாம். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டில் வயது வந்த இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். நம் ஆட்களிடம் "வலி இருக்கா" என்று மட்டும் கேட்டால் போதாது. மூச்சு, சோர்வு, வியர்வை, தாடை, இடது கை எல்லாம் கேட்கவேண்டும்.

ஈவூட்_பையன் | வியாழன், காலை 6.15

அவசரமாக ஒரு கேள்வி. நேற்று இரவு குளியலறைக்கு நடந்ததற்கே அப்பாவுக்கு இறுக்கம் வந்தது. மாத்திரை வைத்ததும் போய்விட்டது. இப்போது நன்றாகத்தான் இருக்கிறார். கிளினிக் எட்டு மணிக்குத் திறந்ததும் போகலாம் என்கிறார்.

பழைய_டிரசர் | வியாழன், காலை 6.19

கிளினிக் இல்லை தம்பி. அவசரப் பிரிவு, இப்பவே. தள்ளுவண்டி தள்ளினால் வந்தது இப்போது நாலு எட்டு நடந்தாலே வருகிறது என்றால் நிலைமை மாறிவிட்டது. அதை இதே வார்த்தையில் அங்கே சொல்லுங்கள். பழைய இசிஜி தாளையும் மாத்திரைகளையும் கையோடு எடுத்துப் போங்கள். போகும் வழியில் மறுபடி வலித்தால் வண்டியை நிறுத்தி 999.

கணக்குப்பிள்ளை | வியாழன், காலை 7.02

நான் சொன்ன ஆய்வுக் கணக்கெல்லாம் நிதானமாக இருக்கிற வலிக்கு. இது அந்த வகை இல்லை. டிரெட்மில்லில் ஏறச் சொல்லமாட்டார்கள், ஏறவும் கூடாது. போங்கள்.

குலைவெட்டி | வியாழன், மதியம் 12.40

என்ன ஆச்சு தம்பி?

ஈவூட்_பையன் | வெள்ளி, இரவு 10.30

எல்லாருக்கும் நன்றி. அப்பா வார்டில் இருக்கிறார். ட்ரோபோனின் இரண்டு முறை எடுத்தார்கள், இரண்டும் ஏறவில்லை, மாரடைப்பு இல்லை. ஆனால் வலி கூடிக்கொண்டு போவதால் வீட்டுக்கு விடவில்லை. எக்கோவில் 58. அப்பாவிடம் நர்ஸ் அக்கா சொன்னதைச் சொல்லிச் சமாதானப்படுத்தினேன். டாக்டர் நேராக ஆஞ்சியோகிராம் என்கிறார். அப்பா பயந்துபோயிருக்கிறார், "இதயத்துக்குள்ள கம்பியை விடுறாங்களாமே" என்கிறார். செய்துகொண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

குலைவெட்டி | வெள்ளி, இரவு 10.52

இருக்கிறேன். வலது மணிக்கட்டு வழியாகத்தான் எனக்குச் செய்தார்கள். தொடை வழியாகவும் செய்வதுண்டு. மயக்கம் கொடுக்கமாட்டார்கள், மரக்கிற ஊசி மட்டும். அறை ஐஸ் மாதிரி குளிரும். மேலே ஒரு பெரிய கேமரா அங்கும் இங்கும் சுற்றும். குழாய் உள்ளே போவது தெரியாது, முழங்கை பக்கம் லேசாக இழுத்த மாதிரி இருந்தது. சாயம் விட்டபோது உடம்பெல்லாம் சூடு பரவி, கால்சட்டையிலேயே சிறுநீர் போய்விட்டதோ என்று பயந்துவிட்டேன். போகவில்லை! அப்பாவிடம் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். திரையில் என் குழாய்களை நானே பார்த்தேன். முடிந்ததும் கையில் காற்றடித்த பட்டை ஒன்றைக் கட்டி, கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை இறக்கினார்கள். அதுவரை கையை மடக்கக் கூடாது. அதுதான் எனக்குப் பெரிய தொல்லை, மூக்கு அரித்துக்கொண்டே இருந்தது.

கணக்குப்பிள்ளை | வெள்ளி, இரவு 11.20

அப்பாவுக்குச் சொல்ல ஒரு கதை. 1929-இல் ஜெர்மனியில் ஃபோர்ஸ்மான் என்ற இளம் டாக்டர், மேலிடம் வேண்டாம் என்று சொல்லியும், தன் கை நரம்பு வழியாகத் தானே ஒரு குழாயை இதயம்வரை செலுத்திக்கொண்டு, அதோடேயே நடந்து போய் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டார். திட்டு வாங்கினார். 1956-இல் நோபல் பரிசும் வாங்கினார். இன்றைக்கு இந்தச் சோதனையில் பெரிய சிக்கல் வருவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு.

ஈப்போ_நர்ஸ் | சனி, காலை 8.05

காசு விஷயம் யாரும் பேசவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரி மூன்றாம் வகுப்பு வார்டில் நம் குடிமக்களுக்குக் கட்டணம் குறைவுதான், ஆனால் ஸ்டென்ட் வைக்கவேண்டி வந்தால் அந்தப் பொருளுக்குத் தனியாகக் கேட்கலாம். அப்பா எஸ்.டி.ஆர். (அரசாங்க ரொக்க உதவி) வாங்குபவர் என்றால், குறைந்த வருமானக்காரர்களுக்கான பெக்கா பி40 சுகாதாரத் திட்டத்தில் இதய ஸ்டென்ட், பேஸ்மேக்கர் போன்ற கருவிகளுக்கு ஒருவருக்கு 20,000 ரிங்கிட் வரை உதவி உண்டு. நீங்கள் தனியாக ஓடவேண்டியதில்லை, ஆஸ்பத்திரி வழியாகத்தான் விண்ணப்பம் போகும். வார்டில் மருத்துவச் சமூகநலப் பிரிவைக் கேளுங்கள். வாய் திறந்து கேட்காவிட்டால் யாரும் வந்து சொல்லமாட்டார்கள், அங்கே எங்களுக்கு மூச்சுவிட நேரம் இல்லை.

ஈவூட்_பையன் | செவ்வாய், இரவு 9.00

முடிந்தது. முன்பக்கக் குழாய் ஒன்றில் பெரிய அடைப்பு, மற்ற இரண்டில் லேசாக. அந்த ஒன்றுக்கு ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். மற்றதுக்கு மருந்து. உதவிக்கான பாரத்தைச் சமூகநலப் பிரிவு நிரப்பிக் கொடுத்தது. அப்பா வெளியே வந்ததும் கேட்ட முதல் கேள்வி, தேத்தண்ணி கிடைக்குமா என்று. சூடு பரவும் என்று முன்பே சொல்லிவைத்ததால் பயப்படவில்லையாம், குலைவெட்டி அண்ணனுக்குச் சொல்லச் சொன்னார்.

ஆஸ்பிரினோடு இன்னொரு இரத்தம் உறையாத மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள். எவ்வளவு நாள்?

பழைய_டிரசர் | செவ்வாய், இரவு 9.35

இந்த மாதிரி வலி கூடி வந்தவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு வருடம்வரை இரண்டும் சேர்ந்து. டாக்டர் எழுதியதுதான் கணக்கு. பல் பிடுங்கப் போனால்கூட, பல் டாக்டர் சொன்னார் என்று தானாக நிறுத்தக் கூடாது. இதய டாக்டரைக் கேட்ட பிறகுதான். நடுவில் நிறுத்தி ஸ்டென்டுக்குள்ளேயே இரத்தம் கட்டி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

செம்பருத்தி | செவ்வாய், இரவு 10.10

நல்ல செய்தி. இழை திறந்திருக்கும்போதே கேட்டுவிடுகிறேன். என் தம்பிக்கு 36. அம்மாவுக்கு வந்ததிலிருந்து அவனுக்கும் ஆஞ்சியோ எடுக்கவேண்டும் என்று ஒரே புலம்பல். வலி, மூச்சுத்திணறல் எதுவும் இல்லை, கால்பந்து ஆடுகிறான்.

பழைய_டிரசர் | செவ்வாய், இரவு 10.32

ஆஞ்சியோ வேண்டாம். அம்மாவுக்கு எத்தனை வயதில் வந்தது என்பதைக் குறித்துக்கொண்டு ஒரு ரிங்கிட் வாங்குகிற அரசாங்கக் கிளினிக்குக்குப் போகச் சொல்லுங்கள். பெண்களுக்கு 65 வயதுக்கு முன் வந்திருந்தால் அது பிள்ளைகளின் கணக்கில் சேரும், ஆண்களுக்கு 55. பிரஷர், சர்க்கரை, கொலஸ்ட்ரால் பார்க்கட்டும். சாப்பிடாமல் வரச் சொன்னால் சாப்பிடாமல் போகட்டும். பெக்கா இலவசச் சோதனை 40 வயதிலிருந்துதான், அவனுக்கு இன்னும் நாள் இருக்கிறது. சிகரெட் உண்டா?

செம்பருத்தி | செவ்வாய், இரவு 10.34

வேப் ஊதுகிறான்.

பழைய_டிரசர் | செவ்வாய், இரவு 10.36

அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். சோதனை முடிவு வந்ததும் புதிய இழையில் போடுங்கள், பார்ப்போம்.